நாலு வருஷப் படிப்பை மூணில் முடித்துவிடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்குக் கரூர். அமெரிக்காவில் மிட்வெஸ்ட் பக்கம் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தேன். பள்ளியில் ஏ லெவல் (பிரிட்டன் முறைப் பிளஸ் டூ) படித்ததால் கணிதம், இயற்பியல், வேதியியலுக்கு 24 கிரெடிட் கொடுத்துவிட்டார்கள். மூன்று செமஸ்டரில் 49 முடித்திருக்கிறேன். பட்டத்துக்கு 120 வேண்டும், மீதி 47. கணக்குப் போட்டால் 2028 மே மாதத்துக்குப் பதில் 2027 மே மாதமே முடித்துவிடலாம். அப்பா வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிறார். 2025 ஆகஸ்டில் இங்கே இந்தியச் சரக்குக்கு இறக்குமதி வரியை 50 சதவீதமாக ஏற்றியதிலிருந்து ஆர்டர் பாதியாகிவிட்டது. எனக்கு வருஷத்துக்கு 48,000 டாலர் ஆகிறது. பாதிக்கு மேல் வங்கிக் கடன். அப்பா வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, நானும் இந்த யோசனையை அவரிடம் சொல்லவில்லை. சீக்கிரம் முடித்தால் எச்1பி (வேலை விசா) குலுக்கலில் கூடுதலாக ஒரு தடவை போடலாம் இல்லையா? 'மூணு வருஷ டிகிரி' என்று மட்டமாகப் பார்ப்பார்களா? வாரம் 15 மணி நேரம் டைனிங் ஹாலில் வேலை செய்கிறேன். இன்டர்ன்ஷிப் இதுவரை கிடைக்கவில்லை. போன செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் பி மைனஸ். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள கரூர்ப் பொண்ணுக்கு,

எனக்குப் பக்கத்திலேயே ஈரோடு. 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பதினைந்து வருஷமாக ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. எதிர் நாற்காலியில் வந்து உட்காருவது எப்போதும் உன் வயசுதான். நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்த காலத்தில், அரியர் இல்லாமல் நாலு வருஷத்தில் வெளியே வந்தாலே வீட்டில் பாயசம். ஒரு வருஷம் முன்னாலேயே முடிக்கலாமா என்று ஒரு பிள்ளை உட்கார்ந்து யோசிக்கிறது என்றால் எங்கம்மா இன்றைக்கும் நம்பமாட்டார்.

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அப்படி 'மூணு வருஷ டிகிரி' என்று ஒன்று இங்கே கிடையாது. 120 கிரெடிட் முடித்தவருக்கு ஒரே பட்டம், ஒரே சான்றிதழ். எத்தனை வருஷத்தில் முடித்தாய் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. மதிப்பெண் பட்டியலில் தேதி இருக்கும், அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எச்1பி விஷயத்தில்தான் நீ தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறாய். பட்டம் முடித்த எஃப்-1 (மாணவர் விசா) மாணவருக்கு, படித்த துறையில் வேலை பார்க்கக் கொடுக்கிற ஓபிடி அனுமதி 12 மாதம். உன்னுடையது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு. அதனால் ஈ-வெரிஃபை (ஊழியரின் வேலை அனுமதியை அரசு இணையதளத்தில் சரிபார்ப்பது) செய்கிற கம்பெனியில் வேலை இருந்தால் இன்னும் 24 மாதம். மொத்தம் 36. குலுக்கல் வருஷத்துக்கு ஒரு தடவை, மார்ச்சில். 2027 மே மாதம் முடித்தால் உன் 36 மாதத்துக்குள் விழுகிற மார்ச் எவை? 2028, 2029, 2030. ஒரு செமஸ்டர் தள்ளி 2027 டிசம்பரில் முடித்தால்? அப்போதும் அதே 2028, 2029, 2030. 2028 மே என்றால் 2029, 2030, 2031. எப்படிப் போனாலும் மூன்று மார்ச்தான். அவசரப்பட்டு முடிப்பதால் நாலாவது சீட்டு கிடைக்காது.

குலுக்கலே 2026-லிருந்து மாறுகிறது என்பதையும் கவனி. 2026 பிப்ரவரி 27 முதல் நடப்பாகும் விதிப்படி, சம்பளத்தை நாலு நிலையாகப் பிரித்து, மேல் நிலையில் இருப்பவரின் பெயரை நாலு தடவை பெட்டிக்குள் போடுவார்கள். கீழ் நிலைக்கு ஒரே தடவை. ஆக, எந்த வருஷம் போடுகிறாய் என்பதைவிட எந்த வேலையில் இருந்துகொண்டு போடுகிறாய் என்பது பெரிதாகிவிட்டது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு வருஷத்தைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நான் பார்ப்பது வருஷத்தை அல்ல கண்ணு, 2027 கோடையை. நாலு வருஷம் படிக்கிறவர்களுக்கு இடையில் மூன்று கோடை உண்டு. முதல் கோடையில் யாருக்கும் பெரிதாக எதுவும் கிடைக்காது. உனக்கும் அது போய்விட்டது. இரண்டாவது கோடையில் சிலருக்குக் கிடைக்கும். மூன்றாவது கோடைதான் கம்பெனிகள் குறி வைப்பது. அந்தப் பன்னிரண்டு வாரம் வந்து வேலை செய்கிற பிள்ளையைப் பிடித்துப்போனால், படிப்பு முடிந்ததும் வந்துவிடு என்று கையில் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். மூணு வருஷத் திட்டத்தில் அந்தக் கோடையே உனக்கு இல்லை. 2027 மே மாதம் நீ பட்டதாரி. அந்தக் கோடையில் வேலை தேடிக்கொண்டிருப்பாய்.

செப்டம்பரில் உங்கள் வளாகத்தில் கம்பெனிகள் ஆள் தேடி வருகிற கெரியர் ஃபேர் நடந்திருக்கும், போயிருப்பாய். மேசைக்குப் பின்னால் நிற்கிறவர் பெயருக்கு அடுத்தபடி கேட்பது, எப்போது பட்டம் என்றுதான். அடுத்த செப்டம்பரில் நீ '2027 மே' என்று சொன்னால் உன் ரெஸ்யூமே இன்டர்ன் கட்டில் விழாது. முழுநேர வேலைக் கட்டுக்குப் போகும். அந்தக் கட்டில் உனக்கு முன்னும் பின்னும் இருப்பவர்கள் ஒன்றோ இரண்டோ இன்டர்ன்ஷிப் முடித்தவர்கள். உன் தாளில் டைனிங் ஹால் இருக்கும். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் வேலை விசாவுக்குக் கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுகிற ஒரு பிள்ளையை, வேலை செய்து பார்க்காமலே எடுக்கக் கம்பெனிகள் தயங்குவதை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

ஓபிடி தொடங்கிய பிறகு கடிகாரம் வேறு ஓடும். முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்கலாம் என்று கொடுத்திருப்பது மொத்தம் 90 நாள். 2027 மே மாதம் கையில் வேலை இல்லாமல் வெளியே வந்து, அந்த 90 நாளும் கரைந்தால், மிச்சம் பிடித்த 48,000 டாலரோடு நீ கரூருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

அதனால் நாலு வருஷமும் இரு என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்காதே. அப்பா படுகிற பாடு நிஜம். நீ வந்த 2024 ஆகஸ்டில் டாலர் 84 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டிவிட்டது. கல்லூரி ஒரு டாலர்கூட ஏற்றாமல், அதே 48,000-க்கு அவர் கூடுதலாகத் தேட வேண்டியது 2,88,000 ரூபாய். அந்தக் கணக்கில் உன் நாலாவது வருஷத்தின் விலை 43 லட்சத்துக்கு மேல். திரைச்சீலையும் மேசை விரிப்பும் தைத்து இந்த நாட்டுக்கே அனுப்புகிற மனிதர், இந்த நாடு போட்ட வரியில் அடி வாங்கிக்கொண்டு, இந்த நாட்டுக் கல்லூரிக்கே ஃபீஸ் கட்டுகிறார். நீ கணக்குப் போடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது: மூன்றரை வருஷம். 2027 டிசம்பரில் முடிப்பது. அந்த 2027 கோடை உன் கையிலேயே இருக்கும்.

உன் 47 கிரெடிட்டை வைத்தே போட்டுக்காட்டுகிறேன். இந்த ஸ்பிரிங்கில் (ஜனவரி-மே செமஸ்டர்) 16 எடு. மீதி 31. மூணு வருஷத் திட்டம் என்றால் ஃபாலில் (ஆகஸ்ட்-டிசம்பர் செமஸ்டர்) 16, அடுத்த ஸ்பிரிங்கில் 15. மூன்றரை என்றால் 12, 12, கடைசி ஃபாலில் 7. எஃப்-1 மாணவர் செமஸ்டருக்கு 12-க்குக் குறையக் கூடாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் பட்டம் முடிக்கிற கடைசி செமஸ்டரில், முடிக்கத் தேவையானதை மட்டும் எடுத்தால் போதும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 12 முதல் 18 வரை ஒரே கட்டணம் வாங்குகிற பல்கலைக்கழகங்கள் நிறைய. 12-க்குக் கீழே போனால் கிரெடிட் கணக்கில் வாங்குவார்கள். உங்களுடையது எப்படி என்று பார்த்துக்கொள். 7 கிரெடிட் செமஸ்டர் மலிவாகவே முடியும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். மூணு வருஷத்தில் மிச்சமாவது 48,000 டாலர். மூன்றரையில் குறைந்தது 24,000. ஆக, டிசம்பர் வழியில் அதிகபட்சம் 24,000 கூடுதல் செலவு. 2027 கோடையில் மணிக்கு 35 டாலரில், வாரம் 40 மணி நேரம், 12 வாரம் வேலை கிடைத்ததாக வைத்துக்கொள்: 16,800 டாலர். வரியும் அந்த ஊர் வாடகையும் போகக் கையில் நிற்பது இதைவிடக் குறையும்தான். (எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து காலண்டர் வருஷம் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்கிற ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டு வரிப் பிடித்தம் கிடையாது. தெரியாமல் பிடிக்கிற கம்பெனிகள் உண்டு. முதல் சம்பளச் சீட்டையே பார்த்துக் கேட்டு வாங்கு.) எப்படிப் பார்த்தாலும் இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் நீ பயப்படுகிற அளவுக்கு இல்லை. மேயில் முடித்திருந்தால் அரை வருஷச் சம்பளம் வந்திருக்குமே என்று கேட்பாய். வந்திருக்கும், வேலை கையில் இருந்திருந்தால்.

அந்த ஒரு நிபந்தனையைத்தான் நீ பிடித்துக்கொள்ள வேண்டும். வரும் மார்ச் முடிவதற்குள் 2026 கோடைக்கு உருப்படியான ஓர் இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டால், மூணு வருஷத் திட்டத்துக்கு நானே கையெழுத்துப் போடுவேன். பெரிய கம்பெனிகள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கதவைத் திறந்து மூடியிருக்கும். சின்னக் கம்பெனிகள், காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவமனை ஐ.டி. பிரிவுகள் எல்லாம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஆள் எடுப்பார்கள். அங்கே போடு. கோடை ஆராய்ச்சித் திட்டங்களில் என்எஸ்எஃப் (அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை) பணத்தில் இளநிலை மாணவர்களுக்கு நடக்கிற ஆர்இயூ மட்டும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். அதில் நேரத்தைச் செலவழிக்காதே. வேலை கிடைத்தால் சிபிடி (படிக்கும்போதே வேலை பார்க்கிற) அனுமதி, கல்லூரி கொடுத்த ஐ-20 என்கிற உன் மாணவர் விசாத் தாளில் ஏறிய பிறகுதான் முதல் நாள் போக வேண்டும். ஒரு நாள் முன்னால் போனாலும் தப்பு தப்புதான்.

மார்ச் வரை எதுவும் வரவில்லை என்றால் டிசம்பர் வழி. ஃபால் ரெஜிஸ்ட்ரேஷன் ஏப்ரல் வாக்கில் திறக்கும். அதுவரை நீ எதையும் முடிவு செய்ய வேண்டியதே இல்லை. இந்த 16 கிரெடிட் இரண்டு வழிக்கும் பொருந்தும்.

ஆனால் எந்த 16 என்பது முக்கியம். கிரெடிட்டைக் கூட்டிப் பார்ப்பது சுலபம். பாடங்களோ சங்கிலி மாதிரி, ஒன்றைப் பிடித்துத்தான் அடுத்தது வரும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் முடித்தால் அல்காரிதம்ஸ், அதுவும் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷனும் முடித்தால் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், அதற்கப்புறம் கேப்ஸ்டோன் என்கிற இறுதித் திட்டப்பணி. அல்காரிதம்ஸும் ஆர்கனைசேஷனும் இந்த ஸ்பிரிங்கில் கட்டாயம். மற்றவை பொதுப் பாடங்களாக இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டுமே நடத்துகிற பாடம் உன் துறையில் எது என்று கேள். மூணு வருஷத் திட்டத்தில் அதில் ஒன்று தடுக்கினால் ஒரு செமஸ்டர் போகாது, ஒரு வருஷம் போகும். மிச்சம் பிடிக்கப் போய் அதே மே 2028-இல் வந்து நிற்பாய். கேப்ஸ்டோன் ஒரு செமஸ்டரா இரண்டா, இரண்டென்றால் ஃபாலில் மட்டும்தான் தொடங்குமா என்பதையும் கேள். ஃபாலில் மட்டும் என்றால் 2026 ஃபாலிலேயே தொடங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் உன் இரண்டு வழியும் அடைபடும். கோடையில் கம்யூனிட்டி காலேஜில் மலிவாக எடுத்துவிடலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். கடைசி 30 கிரெடிட் சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே எடுக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி இருக்கிறது. படித்துவிட்டுப் பணம் கட்டு.

அந்த பி மைனஸைப் பற்றி இரண்டு வரி. செமஸ்டருக்குச் சராசரி 16-க்கு மேல் கிரெடிட், வாரம் 15 மணி நேர வேலை, நடுவில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். எங்கே இடித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கிரேடு போனால் போகட்டும். ஆனால் இன்டர்ன்ஷிப் நேர்முகத் தேர்வில் பலகையில் எழுதிக்காட்டச் சொல்வது முக்கால்வாசி அந்தப் பாடத்திலிருந்துதான். இந்த செமஸ்டர் டைனிங் ஹாலில் ஒரு ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டு அந்த நேரத்தில் லிங்க்டு லிஸ்ட்டையும் ட்ரீயையும் கையால் எழுதிப் பழகு. அந்த ஷிஃப்டின் பணம் மளிகைச் சாமானுக்கு ஆகிறது என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

எம்.எஸ். சேர்த்துப் படிக்கிற வழியும் உண்டு: மூணு வருஷத்தில் பட்டம், நாலாவது வருஷத்தில் அங்கேயே மாஸ்டர்ஸ். மேல் பட்டத்துக்குத் தனியாக இன்னொரு ஓபிடி கிடைக்கும். எச்1பி-யில் பொதுவான 65,000 போக, அமெரிக்க மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கென்று வைத்திருக்கிற 20,000-இலும் பெயர் விழும். ஆனால் இதில் பணம் மிச்சமாகாது. நாலாவது வருஷத்துக்குப் பணம் இருக்கிறது என்று அப்பா சொன்னால் மட்டும் இதை எடுத்துப் பார்.

எந்த வழியானாலும் ஒரு தாளை மறந்துவிடாதே. சில வருஷம் முன்னால் ஒரு பையன் ஏப்ரல் மாதம் என் அறைக்கு வந்தான், கையில் ஐ-20. அதில் படிப்பு முடியும் தேதி மே 15 என்று இருந்தது. இவன் டிசம்பரிலேயே எல்லாப் பாடமும் முடித்துவிட்டான். ஓபிடி-க்கு விண்ணப்பிக்கப் படிப்பு முடிந்து 60 நாள் வரை நேரம் இருக்கிறது என்று படித்திருக்கிறான். மே 15-லிருந்து 60 நாள் என்று எண்ணிக்கொண்டு நிதானமாக இருந்திருக்கிறான். கணக்கு அவன் உண்மையில் முடித்த நாளிலிருந்து. பிப்ரவரியிலேயே கதவு மூடிவிட்டது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பின்பக்கத்தில் வேறு தேதி ஏதாவது இருக்குமா என்று. உன் ஐ-20-இல் 2028 மே என்று இருக்கும். முன்னாலேயே முடிப்பதென்று உறுதியானதும் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய் அந்தத் தேதியைக் குறைத்து எழுதி வாங்கு. முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்தே ஓபிடி விண்ணப்பம் போடலாம். முதல் வாரத்திலேயே போட்டுவிடு.

வங்கிக் கடனிலும் இதே கதைதான். பணத்தை செமஸ்டருக்கு செமஸ்டர்தான் விடுவிப்பார்கள். எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை, அது நல்லது. ஆனால் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. சாங்ஷன் கடிதத்தில் 2028-ஐ வைத்துத் தேதி போட்டிருப்பார்கள். நீ முன்னால் முடித்தால் தவணையும் முன்னால் வரலாம். அந்தக் கடிதத்தை அப்பா ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

அதற்கு முதலில் நீ அவரிடம் பேச வேண்டும். என் அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கெழுதினார். நான் எம்.எஸ். படிக்க இங்கே வந்தபோது, அவருக்குச் செலவு வைக்கக் கூடாதென்று ஒரு கோடைப் பயிற்சியை வேண்டாமென்று விட்டேன். சியாட்டிலுக்குப் போக டிக்கெட்டும் முதல் மாத வாடகையும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு டாலர் ஆகும் என்பதால். பல வருஷம் கழித்து எதேச்சையாகச் சொன்னேன். "மண்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்கே குடுத்திருப்பாரே கண்ணு, நீ ஏன் கேக்கலை?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. உனக்கு இரவு ஒன்பது மணி என்றால் கரூரில் திங்கள் காலை எட்டரை, ஆபீசுக்குக் கிளம்பும் முன் அகப்படுவார். மூணு, மூன்றரை, நாலு என்று மூன்று தொகையையும் ரூபாயில் எழுதி முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பேசு. வியாபாரி, தொகையைப் பார்த்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார். ஒருவேளை இந்த நாலாவது வருஷத்துக்கென்று எப்போதோ எடுத்து வைத்திருக்கிறாரோ என்னவோ. இல்லை, இப்போதே இறுக்கமாக இருக்கிறது என்று அவர் சொன்னால், 2027 மே மாதத்தை நாம் மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

மார்ச் கடைசியில் எனக்கு எழுது. டிகிரி ஆடிட் தாளையும் (எந்தப் பாடம் முடிந்தது, எது பாக்கி என்கிற பட்டியல்) சேர்த்து அனுப்பு, பெயரும் மாணவர் எண்ணும் தெரியாமல் மறைத்துவிட்டு.